வாசற்படியோடு நின்ற வைஃபை

என் வீட்டில் மூன்று பேர். மூன்று அறைகள். மூன்று மூடிய கதவுகள். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனிதன் தன் சொந்தக் குடும்பத்தின் முகம் பார்க்கக் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? நான் ஓர் அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே பிழை திருத்துபவன். இந்தப் பிழை என்னிடம்தான் இருக்கிறதோ என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், ரவுட்டரிடம் இருக்கிறது என்று முடிவு செய்தேன். மனதுக்கு இதமாக இருந்தது.

ரவுட்டர் என் மேஜைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து வீடெங்கும் வைஃபையை வாரி வழங்குகிறது. அதனால்தான் இங்கே யாருக்கும் யாரும் தேவைப்படவில்லை. அதன் செட்டிங்கைத் திறந்து சிக்னலை ஆகக் குறைவாக வைத்தேன். வைஃபை என் அறை வாசற்படியோடு நின்றுவிட்டது. இனி இணையம் வேண்டுமென்றால் இங்கே வரவேண்டும். வந்தால் உட்காருவார்கள். உட்கார்ந்தால் பேசுவார்கள். என் மூளையை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

பத்தாவது நிமிடம் மனைவி வந்தாள். இணையத்தில் தையல் வகுப்பு நடத்துகிறவள்.

"என்னங்க, நெட் வரலை."

"அப்படியா? இங்க ஜோரா வருதே. இங்கயே வந்து உக்காரேன்."

"உங்களுக்குத் தொந்தரவா இருக்காதா?"

"குடும்பத்துக்குள்ள என்னம்மா தொந்தரவு!"

ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தாள். பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

தையல் மெஷின் வந்தது. பின்னாலேயே துணி மூட்டை. அதன் பின்னால் மடிக்கணினியோடு மகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அப்புறம்மா, ஆபீஸ்லாம் எப்படி..."

"அப்பா, மீட்டிங்!"

மனைவி பக்கம் திரும்பினேன். "நீயாவது சொல்லு..."

"ஷ்! மைக் ஆன்ல இருக்கு."

மூன்று நாள் மூச்சைக்கூடத் தவணை முறையில் விட்டேன். நான்காம் நாள் தும்மிவிட்டேன்.

"கிளாஸ்ல நாப்பது பேர் பயந்துட்டாங்க," என்றாள் மனைவி. "கொஞ்ச நேரம் கிச்சன்ல இருங்களேன்."

போனேன். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாழ்க்கையில் எங்கே தவறினேன் என்று யோசித்தேன். விடை கிடைக்காமல் கைபேசியை எடுத்தேன். திகைத்துப்போனேன். வைஃபை முழுசாக வந்துகொண்டிருந்தது!

அறைக்கு ஓடினேன். வகுப்பில் இடைவேளை.

"நெட் வீடு முழுக்க வருது!"

"தெரியுமே," என்றாள் மனைவி. "முதல் நாளே இவ சரி பண்ணிட்டா."

"பாஸ்வேர்ட் எப்படி..."

"ரவுட்டர் அடியிலயே ஒட்டியிருக்குப்பா," என்றாள் மகள். "வாங்கின நாள்லேர்ந்து நீங்க மாத்தவே இல்ல."

ஊரார் புத்தகத்தையெல்லாம் வரி விடாமல் படிப்பவன் நான்.

"அப்ப ஏன் ரெண்டு பேரும் இங்கயே இருக்கீங்க?"

"இந்த ஜன்னல் வெளிச்சத்துல நூல் நல்லாத் தெரியுது," என்றாள் மனைவி. "இவளுக்குப் பெரிய மேஜை. நீங்களும் ஆசையாக் கூப்பிட்டீங்க."

"நான் கூப்பிட்டது உங்களோட உக்காந்து பேசத்தான்!" உண்மை என்னையும் மீறி வெளியே வந்துவிட்டது.

மனைவி மெஷினிலிருந்து கையை எடுத்தாள். முகம் இளகியது. நான்கு நாளில் முதல்முறையாக என்னை முழுசாகப் பார்த்தாள்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. கிச்சன்லேர்ந்தே என் கிளாஸ்ல சேந்துக்குங்க. மைக்கை மட்டும் அணைச்சு வைங்க."