ரிவர்ஸில் போய் வாங்கிய இரண்டு காபி

தி. நகர்,
செவ்வாய்க்கிழமை மதியம்.

மதிப்புக்குரிய மைத்துனர் மதிவாணன் அவர்களுக்கு, அத்தான் சுயம்புலிங்கம் எழுதிக்கொண்டது.

நானும் தங்கள் அக்கா ஜெயபாரதியும் இங்கு நலம். தங்கள் நலத்தைக் கேட்பதுதான் முறை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் தாங்கள் போட்ட சத்தத்திலேயே தூத்துக்குடியில் எல்லாம் திடமாக இருப்பது தெரிந்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

வருகிற ஞாயிறு தாங்கள் வருவதாகவும், கார் சாவியை நான் எடுத்து வைக்க வேண்டும் என்றும், அக்காவை ஊருக்கே அழைத்துப் போய்விடப்போவதாகவும் உத்தரவு போட்டீர்கள். நான் வாயைத் திறக்குமுன் போனையும் வைத்துவிட்டீர்கள். திரும்பக் கூப்பிடலாம் என்றால், இந்த ஃபிளாட்டில் நான் தும்மினாலே அவளுக்குக் கேட்கும், இதை எப்படிப் பேச? அதனால்தான் கடிதம். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் டிக்கெட் போடு, மாப்ளே.

ஊரெல்லாம் செல்லில் சுற்றுகிறதே, தாங்கள் பார்த்துக் கொதித்த அந்த வீடியோவில் இருப்பது நான்தான். காரும் நம்முடையதுதான். காரை விட்டு இறங்காமலே காபி வாங்கும் கடையில், ஊரே முன்பக்கமாகப் போகும் பாதையில், நான் மட்டும் பின்பக்கமாகப் போகிறேன், அதுவும் வாஸ்தவம். ஆனால் குடித்துவிட்டு ஓட்டினேன் என்று கீழே எவனோ எழுதியிருக்கிறானே, அது பச்சைப் பொய். அன்று நான் குடித்தது அந்தக் கடைக் காபி ஒன்றுதான், அதையும் வீடியோ எடுக்கும்போது இன்னும் கொடுக்கவில்லை.

போன ஆடியில் உன் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டதும் பேச்சு குழறியதும் உனக்குத் தெரியும். நாலு பேரோடு பேசப் பேசத்தான் நாக்கு திரும்பும் என்றார் டாக்டர். இவளோ நாலு பேர் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி வரை குரல் கேட்கிற மனுஷி! எதிர்வீட்டு வஜீஹாவை மட்டும்தான் உள்ளே விடுவாள். அந்த அம்மாள் மதியம் வந்து கூட இருப்பார், நான் அந்த நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்வேன். பாத்திரக் கடையை இப்போது நம் பையன் ஹரி பார்த்துக்கொள்வதால் எனக்கும் அங்கே ஜோலி இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தை மாசம் ஒரு ஞாயிறு, சும்மா ஒரு சுற்று என்று அடையாறு பக்கம் போனபோது இந்தக் கடை கண்ணில் பட்டது. பாதை ஓரத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு பெட்டி, பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் என்ன வேண்டும் என்று கேட்டது. நான் தொண்டையைச் செருமுவதற்குள் உன் அக்கா "ரெண்டு காபி" என்றாள். ஆறு மாசத்தில் வெளியாளிடம் அவள் பேசிய முதல் பேச்சு, மாப்ளே. பெட்டிக்குக் கண்ணில்லை, அதனால் இவளுக்குக் கூச்சமில்லை. என் புத்தி சும்மா இருக்குமா, அவள் சொன்னதையே நான் இன்னும் உரக்கச் சொன்னேன். உடனே பெட்டி சொன்னது: "மேடம் சொன்னது நல்லா கேட்டுச்சு சார். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

முப்பத்தெட்டு வருஷமாக உன் அக்கா சொல்ல நினைத்ததை அந்தப் பெட்டி ஒரே நாளில் சொல்லிவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன், நல்லவேளை முன்னால் வண்டி இல்லை. அதிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. பெட்டிக்குள் பேசும் பெண்ணுக்கு ஸ்நேஹா என்று பேர். காபியை ஜன்னலில் கொடுப்பதும் அவள்தான்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் பவுசு என்று போனில் திட்டினாய். ஹரியிடம் கேட்டேன், செல்லில் பார்த்துச் சொன்னான். அங்கே முதலில் யாரோ ஒரு பேங்க்காரன்தான் கார்க்காரர்களுக்கு ஜன்னல் வைத்தானாம், அதைப் பார்த்து ஓட்டல்காரர்கள் பிடித்துக்கொண்டார்களாம். இருக்கட்டும். மயிலாப்பூரில் சாமி புறப்பாட்டைப் பார்த்திருக்கிறாயா? சாமி வாகனத்தை விட்டு இறங்குகிறாரா? வாசலுக்கு வாசல் நிற்கிறார், தட்டை வாங்கிக்கொள்கிறார், பின்னால் அடுத்த சாமி வருவதால் கிளம்பிவிடுகிறார். அதை யாரும் வீடியோ எடுத்துக் கேலி செய்வதில்லை.

இனி ரிவர்ஸ் விஷயம். ஜன்னல் டிரைவர் பக்கம், அதாவது வலது பக்கம் இருக்கிறது. உன் அக்கா இடது பக்கம். நடுவில் நானும் என் தொந்தியும். இரண்டு வாரம் முன்பு வீட்டுக்கு வரும் வழியில் அவளாகவே, "அந்தப் பிள்ளை மொகத்த ஒருநாள் நேர பாக்கணும்" என்றாள். கதவைச் சாத்திக்கொள்கிறவள் கேட்கிறாள், மாப்ளே! பின் சீட்டில் வலது பக்கம் உட்கார வைக்கலாம் என்றால் காலை நீட்ட இடம் போதாது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கண்டுபிடித்தேன். நான் பின்பக்கமாகப் போனால் ஜன்னல் அவள் பக்கம் வரும்!

போனேன். நம் கார் ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும் என்பது உனக்குத் தெரியும், பாதை முழுக்கப் பாடியது. செக்யூரிட்டி ஓடி வந்து, "இன்னா நைனா, வண்டி திரும்பிக்கினு கீது?" என்றார். எங்களுக்கு அடுத்து வந்த கார்க்காரரும் நானும் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலை மாற்ற நிற்பதுபோல முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே நகர்ந்தோம், வீடியோ எடுத்த புண்ணியவான் அவர்தான். ஒரு பூந்தொட்டி போயிற்று. அதற்குப் புதுத் தொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஜன்னல் வந்தது. உன் அக்கா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "நான் ஜெயபாரதி. வாராவாரம் ரெண்டு காபி கேக்குறது நான்தான்" என்றாள். நாக்கு இரண்டு இடத்தில் மடங்கியது. அந்தப் பெண் கையை எட்டி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியும்மா. உங்க குரல எங்க கேட்டாலும் தெரியும்" என்றாள்.

எந்தக் குரலுக்காகக் கதவைச் சாத்தினாளோ அந்தக் குரல்! எனக்கு அழுகை வந்துவிட்டது. வீடியோவில் நான் சீட்டில் உட்கார்ந்தபடியே தள்ளாடுவதாகத் தெரிவது அந்த இடம்தான்.

ஆகவே மாப்ளே, சாவியைக் கேட்காதே. மூன்று படி இறங்குவதற்கே என் தோளைப் பிடிக்கிறவளுக்கு இந்த ஒரு வழிதான் இருக்கிறது. கால் வழங்காதவள் என்று தெரிந்துதானோ என்னவோ, செருப்புக்காரன்கூட ஏமாற்றியிருக்கிறான். வாங்கி இரண்டு மாசம்தான், குதிகால் தேய்ந்துவிட்டது, காரில் உட்கார்ந்தே எப்படித் தேயும்? அவளை அனுப்பிவிட்டு நான் யாருக்கு இரண்டு காபி வாங்குவது? அதையும் யோசி.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உனக்கு என்ன தருவது என்பதை உன் முடிவைப் பார்த்துச் சொல்கிறேன்.

உன் அத்தான்,
சுயம்புலிங்கம்.

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுதேன். அத்தான் தூங்குறாங்க. கடுதாசியைத் தலையணைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தாங்க, எடுத்துப் படிச்சிட்டேன். ஸ்நேஹா பிள்ளை என் கையப் பிடிச்சிச் சொன்னது நிஜம். மத்தபடி அந்தக் காபி வாயில வைக்க வெளங்காது. நான் போறது உன் அத்தானுக்காக. கடையை ஹரிகிட்ட குடுத்ததுலேர்ந்து, நாள் பூரா "வாங்கம்மா வாங்க"ன்னு கூப்பிட்ட மனுஷன் யார்கிட்டயும் பேசாம ஃபேனையே பாத்துக்கிட்டிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை அந்த செக்யூரிட்டிகிட்ட வம்பளந்துட்டு வந்தாத்தான் வீட்டுல பேச்சே வருது. எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு மாசமா மத்தியானம் வஜீஹா கையப் பிடிச்சி நடந்தேன், இப்பம் பிடிக்காமலே நடக்கேன். செருப்பு பின்ன எப்படித் தேயும்? தெரிஞ்சா காரை எடுக்க மாட்டாங்க. அதான் படியில தோளைப் பிடிச்சிக்கிடுதேன். நீ வா, பத்து நாள் இரு, சாவியை மட்டும் கேக்காத. இதைத் தெருமுனைத் தபால் பெட்டியில நானே போய்ப் போட்டுட்டு வாரேன். அத்தான்கிட்ட சொல்லிராத.