நாலு பேட்ஜ், ஒரு அடுப்பு

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். தேக்காவுக்குப் போய் நாலு பேட்ஜ் அடிச்சு வாங்கிட்டு வரணும்.

சிங்கப்பூர் ஈசூன்ல எங்க அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழ வருஷா வருஷம் பொங்கல் வைப்போம். கமிட்டியில நாலு பேரு. முத்தையா அண்ணன், வசந்தா அக்கா, ரவி, அப்புறம் நான். யாருக்கு என்ன வேலைன்னு சட்டையில தெரியட்டுமேன்னு பேட்ஜ் யோசனை சொன்னதே நான்தான். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

கையில சீட்டு வச்சிருந்தேன். முத்தையா, நாற்காலி. வசந்தா, பொங்கல் பானை. ரவி, அடுப்பு. நான், மிச்சம்.

கடையில இருந்த பொண்ணு சீட்டை வாங்கிப் பாத்தா. "அண்ணே, பேருக்குக் கீழ ஒரே ஒரு வரிதான் வரும். 'நாற்காலி'ன்னா போடணும்? எல்லாரும் இங்கிலீஷ்ல பதவிதான் போடுவாங்க."

எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. குரூப்ல கேட்டேன். "பேட்ஜ்ல என்ன பதவி போடட்டும்?"

இந்த ஒரு கேள்விக்கு என்னை ஈசூனை விட்டே தள்ளி வச்சிருக்கலாம்.

முத்தையா அண்ணன் உடனே பதில் போட்டாரு. "பிரசிடெண்ட்."

வசந்தா அக்கா வாய்ஸ் மெசேஜ்ல வந்தாங்க. "அவரு பிரசிடெண்டுன்னா, பத்து வருஷமா பானையில கரண்டி போட்டுக் கிண்டுற நான் யாரு தம்பி?"

"சேர்பர்சன்னு போட்டுடறேன் அக்கா."

"அது பிரசிடெண்டுக்கு மேலயா, கீழயா?"

எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல லா, அக்கா, பக்கத்துலன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அதுக்குள்ள ரவி. "அண்ணே, எனக்கு மட்டும் 'மெம்பர்'னு போட்டுடாதீங்க. மாமனார் வர்றாரு."

போன்ல தேட ஆரம்பிச்சேன். தலைவருக்கு வேற சொல்லு, வேற சொல்லுன்னு. அப்பா, எத்தனை! சீஃப், கவர்னர், கமாண்டர், டைரக்டர், மாஸ்டர், வந்துக்கிட்டே இருக்கு. நெல்லு, அரிசி, சோறு மூணுக்கும் இங்கிலீஷ்காரன் ரைஸ்னு ஒரே சொல்லுல முடிச்சுட்டான். அடுத்தவனை ஆளறதுக்கு மட்டும் பக்கம் பக்கமா சேத்து வச்சிருக்கான். என்ன வேலையா ஊர் ஊரா சுத்துனான்னு இதுலயே தெரியுது.

"ரவி, கவர்னர் ஓகேவா?"

"ரொம்ப ஓவர் லா. டைரக்டர் போடுங்க."

கடைப் பொண்ணு என்னைப் பாத்தா. "உங்களுக்கு என்னண்ணே?"

இங்கதான் நான் யோக்கியன் மாதிரி "எனக்கு ஒண்ணும் வேணாம்மா"ன்னு சொல்லியிருக்கணும். ஆனா போன்ல இன்னும் அந்தப் பக்கம் திறந்தே இருந்துச்சு. மெதுவா சொன்னேன். "கண்ட்ரோலர்."

வீட்டுல பேட்ஜைக் காட்டினேன். பின்னாடி காந்தம் வச்ச நல்ல பேட்ஜ். என் பொண்டாட்டி கவிதா நாலையும் வாங்கிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அப்ப நாளைக்கு அடுப்பு வந்தா யாரு வாங்கி வைப்பா?"

"அதெல்லாம் கமிட்டி பாத்துக்கும்"னு சொல்லிட்டேன். அவ கமிட்டியில இல்ல.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள பானை பொங்கியாகணும்னு வசந்தா அக்கா ஒரு வாரமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. வாடகை அடுப்பு எட்டு மணிக்கு வந்துடுச்சு. லாரியில வந்த சீன அங்கிள் இறங்கி ஒரு தாளை நீட்டினாரு. "இங்க யாரு பாஸ்? சைன் பண்ணு. தூக்கறதுக்கு ரெண்டு ஆள் வா."

முத்தையா அண்ணன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாரு. "நான் பிரசிடெண்ட். டெலிவரி எல்லாம் டைரக்டர் டிபார்ட்மெண்ட்."

ரவி, மாமனார் நிக்கிற பக்கம் ஒரு பார்வை பாத்துட்டுச் சொன்னான். "டைரக்டர் போய் அடுப்பு தூக்குறதா? கண்ட்ரோலர் அண்ணன் இருக்காரே."

நான் மட்டும் இளைச்சவனா? "பிரசிடெண்ட் இருக்கும்போது நான் கையெழுத்து போட்டா மரியாதையா இருக்காதே."

வசந்தா அக்கா பானைக்கு மஞ்சக்கொத்து கட்டிக்கிட்டே, "நான் சேர்பர்சன்பா"ன்னாங்க.

அங்கிள் எங்க நாலு பேர் சட்டையையும் ஒவ்வொண்ணா படிச்சாரு. "எல்லாரும் பாஸ். வேலை செய்ய ஆளே இல்ல." பத்து நிமிஷம் நின்னு பாத்தாரு. அடுத்த டெலிவரி பூன் லேயில இருக்குன்னு சொல்லிட்டு, அடுப்போட கிளம்பிப் போயிட்டாரு.

அப்பதான் திரும்பிப் பாத்தேன். பானை ரெடி, பால் ரெடி. பிளாக்கே இறங்கி வந்து நிக்குது. புதுசா வேட்டி கட்டின வாண்டுங்க அதை ஒரு கையால புடிச்சுக்கிட்டு, "எப்ப அங்கிள் பொங்கும்?"னு என்னைத்தான் கேக்குதுங்க. நெஜமாவே வெக்கமா இருந்துச்சு.

கவிதா கோலப்பொடி ஒட்டின கையோட வந்தா. யாரையும் ஒண்ணும் கேக்கல. வாடகை ரசீதுல இருந்த நம்பருக்குப் போன் போட்டா.

"அங்கிள், சாரி லா. திரும்பி வாங்க ப்ளீஸ். நான் சைன் பண்றேன். தூக்க மூணு பேரு இருக்காங்க."

ஸ்பீக்கர்ல அங்கிள் குரல் கேட்டுச்சு. "அந்த மூணு பாஸா?"

"பாஸ் இல்ல அங்கிள். சும்மா நிக்கிறவங்க."

நல்லவேளை, மனுஷன் பக்கத்து காப்பிக்கடையைத் தாண்டல. எட்டரைக்கு லாரி திரும்பி வந்துச்சு. பிரசிடெண்ட் ஒரு பக்கம், டைரக்டர் ஒரு பக்கம், கேஸ் சிலிண்டரோட கண்ட்ரோலர் பின்னாடி. ரவியோட மாமனாரும் வந்து ஒரு கை புடிச்சாரு. அவருக்குப் பேட்ஜ் கிடையாது. கவிதா கையெழுத்து போட்டா. பதவின்னு இருந்த கட்டத்தைப் பாத்துட்டு ஒரு கோடு இழுத்து விட்டா.

எட்டு ஐம்பத்தாறுக்குப் பானை பொங்குச்சு. நாங்க நாலு பேரும்தான் ரொம்ப சத்தமா "பொங்கலோ பொங்கல்"னு கத்தினோம். அந்த ஒரு வேலையை மட்டும் யாரும் யார் தலையிலயும் கட்டல.

என் பேட்ஜ் இப்ப எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கு. நல்ல காந்தம். கவிதா எனக்கு எழுதி வைக்கிற வேலைச் சீட்டு கீழ விழாம, கண்ட்ரோலர்தான் தாங்கிப் புடிச்சுக்கிட்டு இருக்காரு.