இருபதாவது விருப்பம்

கேட்டது கிடைக்கவில்லையே என்று அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் கேட்டது கிடைத்ததால் அழுதவள். அதுவும் கல்லூரி அட்மிஷனில். யாரும் எனக்குக் குழி தோண்டவில்லை. நானே தோண்டி, நானே விழுந்து, உள்ளே உட்கார்ந்து என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஆரியசாலையில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளக் கரைக்கு வந்த தமிழ்க் குடும்பம். கீழே கடை, மேலே வீடு. பள்ளி விடுமுறை என்றால் நான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருப்பேன். (வேலை ஒன்றும் கிடையாது. தும்முவதுதான் வேலை.) அங்கே உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: வேண்டியதை முதலில் கேட்கக் கூடாது.

நெடுமங்காட்டிலிருந்து ஒரு சில்லறைக் கடைக்காரர் வருவார். அவர் வந்திருப்பது மிளகாய்க்குத்தான். ஆனால் மல்லி விலை கேட்பார். கடுகைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பார். சீரகம் சரியில்லை என்பார். கடைசியில் படியிறங்கும்போது, அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "அல்ல, முளகினு எந்தா வில?" என்று மிளகாய் விலையைக் கேட்பார். அப்பாவும் மிளகாய் விற்பதில் தனக்கு அக்கறையே இல்லை என்பதுபோல் காதைக் குடைந்துகொண்டே ஒரு விலை சொல்வார். அவர் போவதுபோல் இரண்டு கடை தள்ளி நடப்பார். அப்பா கூப்பிடுவார். வியாபாரம் முடியும். இந்த நாடகத்தை நான் பத்து வருடம் பார்த்திருக்கிறேன். உலகமே இப்படித்தான் நடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ப்ளஸ் டூ முடிந்தபோது எனக்கு ஆசை ஒன்றே ஒன்று, ஸ்டாட்டிஸ்டிக்ஸ். காரணமும் கடைதான். அப்பா மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி மல்லி எடுத்து, மூட்டை மொத்தத்துக்கும் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதையே பாடப்புத்தகத்தில் பெரிய பெயர் போட்டு எழுதியிருந்ததைப் படித்தபோது புல்லரித்துவிட்டது. நகரத்தின் நடுவில் இருந்த ஒரு பெரிய கல்லூரியில் அந்தப் படிப்பு இருந்தது. எனக்கு அது வேண்டும். உயிரே போனாலும் வேண்டும். அதனால்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"காலேஜ் காரியமெல்லாம் எனக்கு அறியாது மக்கா. நீயே பாத்துச் செய்யி," என்று அப்பா சொல்லிவிட்டார். விண்ணப்பம் ஆன்லைனில்தான். கல்லூரியும் பாடமுமாக இருபது விருப்பங்களை வரிசையாகக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்தேன். முதல் விருப்பமாக எதைக் கொடுத்தேன் தெரியுமா? ஊரின் மறுகோடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல். கரப்பான் பூச்சியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நின்று அம்மாவைக் கூப்பிடுகிறவள் நான். பிறகு கேள்விப்படாத பாடங்களாகப் பதினெட்டு. கடைசியில், போனால் போகட்டும் என்பதுபோல், இருபதாவதாக ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.

தட்டச்சு செய்த பையன் ஒருமுறை திரும்பிப் பார்த்து, இதே வரிசை போதுமா என்று மலையாளத்தில் கேட்டான்.

"ஓர்டர் இது தன்னே மதியோ?"

"மதி," என்றேன். (உனக்கெல்லாம் இது எங்கே புரியப் போகிறது என்று ஒரு சிரிப்பு வேறு.)

அங்கே நடப்பது மிக எளிமையானது. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்க்கும். மேலே இருப்பது கிடைத்தால் அதைக் கொடுத்துவிட்டு, கீழே இருப்பதை எல்லாம் அழித்துவிடும். இதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் படித்தேன். நம்பவில்லை. எந்த வியாபாரி உண்மையைத் தடித்த எழுத்தில் போடுவான்?

முதலில் ஒரு மாதிரிப் பட்டியல் வந்தது. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளத்தான் அதை வெளியிடுகிறார்கள். எனக்கு விலங்கியல். சரி, ஆரம்ப விலை சொல்கிறான், முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டேன். அடுத்து அசல் பட்டியல் வந்தது. விலங்கியல். குறிப்பிட்ட நாளுக்குள் கட்டணம் கட்டி சீட்டை உறுதி செய்ய வேண்டும். நான் கட்டவில்லை. படியிறங்கி நடக்கிறேன் அல்லவா? கூப்பிடட்டும்.

யாரும் கூப்பிடவில்லை. கெடு முடிந்த மறுநாள் திரையில் என் பெயருக்கு நேரே ஒரே வரிதான் இருந்தது: நான் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறேன். அன்று சாயங்காலம் என் வகுப்புத் தோழி இனிப்போடு வந்தாள். என்னைவிடப் பதினோரு மார்க் குறைவு. நகரத்துக் கல்லூரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ். முதல் விருப்பமாகக் கொடுத்தாளாம். அந்த லட்டை எப்படி விழுங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் போனதும் கீழே கடைக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடம் வீணாகப் போகிறது என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. சொல்லச் சொல்ல அழுகை. அப்பா கையில் இருந்த மிளகாயைக் கீழே வைத்தார்.

"ஏம்ட்டி, கம்ப்யூட்டரு என்ன நெடுமங்காட்டுக்காரனா?"

நான் தும்மினேன்.

"கடையில அவன் எறங்கிப் போனா, திரும்பக் கூப்பிடுகதுக்கு நான் ஒருத்தன் இருக்கேன். அதுக்குள்ள ஆரு இருக்கா?"

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கீழே வைத்த மிளகாயை எடுத்து மூட்டையில் போட்டுவிட்டு, "நான் சொல்லித் தந்ததுதானே," என்றார். அது திட்டை விட மோசமாக இருந்தது.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. எல்லாப் பட்டியலும் முடிந்த பிறகு, காலியாகக் கிடக்கும் இடங்களுக்கு நேரடி சேர்க்கை ஒன்று நடக்கும். அன்று அப்பா கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். கல்யாணம், சாவு தவிர வேறெதற்கும் பூட்டாத கடை. பெரிய ஹால். திரையில் காலி இடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மார்க் வரிசைப்படி பெயர் கூப்பிடக் கூப்பிட, இடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நகரத்துக் கல்லூரி எப்போதோ நிறைந்துவிட்டது. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தைத் தாண்டி, பெயரே கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒரே ஒரு இடம் மட்டும் இருந்தது. என் பெயர் வரும்வரை அந்த வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மேடம். "மோள்க்கு ஏதாணு வேண்டது?" என்று கேட்டார். பஸ்ஸில் வரும்போதே பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"சுவாலஜி எவிடெயொக்கெ உண்டு மேடம்?"

(விலங்கியல் எங்கெல்லாம் இருக்கிறதாம்! சத்தியமாகச் சொல்கிறேன், அது நானில்லை. பத்து வருடப் பழக்கம்.)

மேடம் பேனாவை எடுத்து விலங்கியல் என்று எழுதத் தொடங்கினார். "அதல்ல" என்பதற்குப் பதில் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது என் பின்னாலிருந்து, அந்த ஹாலில் இருந்த முந்நூறு பேரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அப்பாவின் குரல் கேட்டது.

"அவளுக்கு அது வேண்டாம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ். அது ஒண்ணுதான் வேணும். வேற எது தந்தாலும் வேண்டாம்."

முப்பது வருட வியாபாரத்தில், தனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரிடமும் வெளிப்படையாகச் சொல்லாத மனிதர். கெஞ்சுகிற குரலில் வேறு சொன்னார். மேடம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதியதை அடித்தார்.

"எங்கில் அதல்லே மோளே ஆத்யம் பறயேண்டது," என்றார். அப்படியென்றால் அதைத்தானே முதலில் சொல்ல வேண்டும் என்கிறார்.

திரையில் அந்த வரி மறைந்தது. இந்த முறை மறைந்தது எனக்காக. வெளியே வந்து நானும் அப்பாவும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னை வெறும் கையோடு திரும்ப விடாமல் காப்பாற்றியவர் அவர். அதற்கு நான் அன்று நன்றிகூடச் சொல்லவில்லை, வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரி ஒன்று கூடுதலாகக் கேட்டேன். இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கல்லூரி ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். வகுப்பில் பதினான்கே பேர். நகரத்துக் கல்லூரியில் எழுபது பேருக்கு நடுவில் நான் நிம்மதியாக ஒளிந்துகொண்டிருப்பேன். இங்கே நாளைக்கு இரண்டு முறையாவது கேள்வி என்னிடம் வரும். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது என்று நேராகச் சொல்லியே ஆக வேண்டும். வேறொரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான கல்லூரி இருந்திருக்கலாம். எனக்கு இருந்திருக்காது. இன்று கழக்கூட்டத்தில் எனக்குச் சோறு போடுகிற வேலையும் அங்கிருந்து வந்ததுதான்.

வீட்டில் மட்டும் என்னை விடவில்லை. நான் ஒரு புடவையைப் பிரித்துப் பார்த்தால் போதும், "இது இருபதுல எத்தனாவது?" என்று கேட்பார்கள்.

எனக்கு வரன் பார்த்தபோது நாகர்கோவிலிலிருந்து ஒரு குடும்பம் வந்து போனது. பெண் வீட்டார் அவசரம் காட்டக் கூடாது, ஒரு வாரமாவது பொறுத்து, சுற்றி வளைத்து விசாரிக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. பையனைப் பற்றிக் கேட்கப் பதினான்கு கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். அப்பா என்னிடம், "பிடிச்சிருக்கா?" என்றார்.

"வேற யாராவது வந்தா அவங்களையும்…"

"நேராச் சொல்லு மக்கா."

"பிடிச்சிருக்கு."

அப்பா அங்கேயே போனை எடுத்தார். "எங்களுக்கு ஒங்க பையன்தான் வேணும். நாங்க வேற எடம் பாக்கல்ல," என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு பையனின் அம்மா, "நல்லதாப் போச்சு அண்ணாச்சி. இதையே ஒங்ககிட்ட எப்பிடிக் கேக்கதுன்னுதான் நாங்க முழிச்சிட்டிருந்தோம்," என்றார்.

கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. அந்தப் பதினான்கு கேள்விகளை அம்மா வீணாக்கவில்லை. மருமகன் பண்டிகை விருந்துக்கு உட்காரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுவருகிறாள். போன ஓணத்துக்கு ஒன்பதாவது கேள்வி, "தம்பி, ஒங்களுக்குப் பெண்ணு பிடிச்சிருக்கா?"