பெர்த் நகரத்துக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டம்

‘தெரியாது’ என்று சொல்லத் தெரியாதவன் நான். இருபத்தேழு வயதில் அந்த வியாதி முற்றிப் போயிருந்தது.

அப்போது மஸ்கட்டில், ரூவி கடைவீதியில், கீழக்கரைக்காரர் ஒருவரின் ஜவுளிக்கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி நாற்பதே நாளில் மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவன். அவளுக்கு விசா எடுக்க முதலாளி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடிதம் அவர் மேஜையில் இருந்தது. அவர் மனமோ ஆஸ்திரேலியாவில் இருந்தது. ஜூலை வெயிலுக்குத் தப்பி, குடும்பத்தோடு பெர்த் நகரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“தம்பி, கம்ப்யூட்டர்ல பாத்து எங்க போறது, என்ன திங்கிறதுன்னு எழுதிக் குடுங்க. வந்ததும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

பார்த்தேன். படத்துக்குப் படம் நீலக் கடல், அரைக்கால் சட்டை. (அதை எந்த மாதத்தில் எடுத்தார்கள் என்று யோசிக்கிற புத்தி இருந்தால் நான் ஏன் டைப் அடிக்கிறேன்?) காலையில் கடலில் குளியல், மதியம் மணலில் உட்கார்ந்து பொரித்த மீன், மாலையில் ஐஸ்கிரீமோடு கரையோர நடை என்று அடித்துக் கொடுத்தேன்.

ஏர்போர்ட்டில் பெட்டியின் எடை கூடிவிட்டது. முதலாளியின் மனைவி, “அங்க குளிருமா தம்பி?” என்று கேட்டார்.

“ஆஸ்திரேலியாங்கம்மா, வெயில் கொளுத்தும்” என்று சொல்லி, அத்தனை கம்பளிச் சட்டைகளையும் என் கையாலேயே உருவி எடுத்தேன்.

பூமியின் அந்தப் பாதியில் ஜூலைதான் குளிர்காலம் என்பது மூன்றாம் நாள் போனில் தெரிந்தது.

“தம்பி, இங்க மழை. காத்து ஆளைத் தள்ளுது. ஆளுக்கு நாலு சட்டை போட்டுக்கிட்டு மணல்ல உக்காந்து மீனு திங்கிறோம்.”

“மழையில எதுக்கு முதலாளி மணல்ல...”

“நீங்கதானே அப்படி எழுதியிருக்கீங்க?”

பின்னால் யாரோ விடாமல் தும்மிக்கொண்டிருந்தார்கள். இனி மனைவியைக் கல்யாண போட்டோவில் மட்டும்தான் பார்க்கப் போகிறோம் என்று நினைத்து, துணி அடுக்கும் அறைக்குள் போய் அழுதேன்.

திரும்பி வந்த முதலாளி, ரூவியின் அனல் காற்றில் கழுத்துக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். கடிதத்தை எடுத்து முழுதாகப் படித்தார். பிறகு டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

“இந்த வெயில்ல அந்தப் புள்ளய ஏன் வரச்சொல்லிக் கஷ்டப்படுத்துறீங்க? குளிர்காலம் வரட்டும், போடுறேன்.”

எந்த ஊர்க் குளிர்காலமோ என்று யோசித்துக்கொண்டே போய் டைப் அடிக்க உட்கார்ந்தேன். டிசம்பரில்தான் போட்டார்.

இன்றைக்கும் யாராவது கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டால், என் மனைவி கணக்காகத்தான் பதில் சொல்கிறாள்.

“பதினெட்டு. அதுல அஞ்சு மாசத்த இவரு பெர்த்துக்குக் குடுத்துட்டாரு.”