கயிறு போட்டுக் கட்டிய பர்கர்

அந்தச் சனிக்கிழமை மாலை நான்கு பத்துக்கு எல்லாம் கெட்டது. நான்கு பத்து என்று உறுதியாகச் சொல்கிறேன். என் மகளின் அறைத் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில் நான் நிமிர்ந்து பார்த்தது சுவர்க் கடிகாரத்தைத்தான். காரணம் செக்போஸ்ட்.

நாமக்கல்லில் எங்கள் தெருவுக்குள் செக்போஸ்ட் விசாரிக்காமல் ஒரு கொசுகூட நுழைந்ததில்லை. அவருடைய உண்மைப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கலாம். முப்பது வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். நாடெங்கும் சாவடி சாவடியாக நின்று, என்ன லோடு, எங்கிருந்து, எங்கே என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே தலை நரைத்தவர். வண்டியை விட்டு இறங்கியதும் தெருமுனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இனிமேல் கேட்கும் முறை அவருடையது.

மூலை வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை மறித்து, "தம்பி, ராத்திரியில எதுத்தாப்புல லைட் அடிச்சா கண்ணு கூசுமுங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளை கூசும் என்று ஒப்புக்கொண்டார். "அப்ப வெளிச்சம் இருக்கறப்பவே ஊடு போய்ச் சேந்துருங்க" என்று சொல்லி உள்ளே விட்டார். எங்கள் ஃப்ரிட்ஜ் வந்தபோது, வீட்டு வாசலுக்கு நாலு எட்டு இருக்கையில், கட்டு சரியில்லை என்று வண்டியை நிறுத்தினார். கயிற்றை முழுக்க அவிழ்த்து, தானே மறுபடி கட்டி அனுப்பினார். வாசலில் அந்த முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. அவரையே கூப்பிட வேண்டியதாயிற்று.

அந்த மாதம் நான் இந்த மனிதருக்குப் பயந்து கிடந்தேன்.

என் மகள் தாரணி இரண்டாம் முறை மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, முடிவு வந்து, விடுதியிலிருந்து பெட்டியோடு திரும்பியிருந்தாள். இந்த முறையும் இடம் கிடைக்கிற மதிப்பெண் இல்லை. பால்காரர் எவ்வளவு மார்க் என்று கேட்டார். துணி தேய்ப்பவர் கேட்டார். தப்பான நம்பருக்குப் போன் செய்த ஒருவர்கூடப் பேச்சுவாக்கில் கேட்டார். அவள் முதலில் வாசலுக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு கூடத்துக்கு வருவதை. பிறகு சாப்பிடுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். இரண்டு வாய், அப்புறம் "போதும்மா." போர்வெல் வண்டிகளின் கணக்கைப் பார்க்கும் அவள் அப்பா சத்தீஸ்கரில் இருந்தார். நான் ஏதாவது சாக்கு வைத்து அவள் அறைப் பக்கம் போய் நிற்பேன். காகிதம் புரளும் சத்தமோ, கட்டில் முனகலோ கேட்டால்தான் திரும்புவேன்.

விடுதியிலிருந்து பேசும்போதெல்லாம், "ஊட்டுக்கு வந்ததும் முதல்ல சேலத்து பர்கரும்மா" என்பாள். அந்த பர்கர் விற்கும் சேலத்து உணவகத்தில் இப்போது வீட்டிலேயே செய்துகொள்ளும்படி எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சேலத்தில் இருக்கும் தங்கையிடம் ஒரு பெட்டி அனுப்பச் சொன்னேன். ஆசைப்பட்டதையாவது ஒரு முழுச் சாப்பாடாகச் சாப்பிடட்டும். எனக்கு வேறு யோசனை வரவில்லை.

பெட்டி கொண்டு வந்தவரைச் செக்போஸ்ட் முனையிலேயே மடக்கி, தானே தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் கேட்கும்படி வந்தார்.

"ஏனுங் அம்முணி! சேலத்துலிருந்து ஐஸ் வெச்ச பொட்டி வந்துருக்குது! உள்ளார என்ன லோடுங்க?"

அந்த வாரத்தில் முதல் தடவையாக அப்போதுதான் தாரணி கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் குரலைக் கேட்டு எழுந்தாள். உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"பர்கருங்கண்ணா. பாப்பாவுக்கு" என்றேன், பெட்டியை வாங்கிக்கொண்டு கதவை மூடிவிடும் எண்ணத்தில்.

"ஊட்டுலயே செய்யறதா? அப்ப பாத்துட்டே போறேனுங்க" என்று அவர் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டிக்குள் பன், கறி வடை போல உறைந்த வட்டங்கள், பிளாஸ்டிக் தாளில் மஞ்சள் சீஸ், சாஸ் பொட்டலங்கள், ஊறவைத்த வெள்ளரித் துண்டுகள். ஐஸ் இளகினால் உடனே பொரித்துவிட வேண்டுமாம். இளகத் தொடங்கியிருந்தது. நான் கதவைத் தட்டினேன்.

"தாரணி, வந்துருச்சு கண்ணு. வந்து பாரேன்."

மறுபடி தட்டினேன். காகிதச் சத்தம் இல்லை. கட்டில் சத்தமும் இல்லை. கதவில் காதை வைத்துப் பார்த்தேன்.

செக்போஸ்ட் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடுப்பப் பத்த வைங்க அம்முணி. லோடு ஏறட்டும்" என்றார்.

அதன் பிறகு அவர் குரல் இன்னும் உயர்ந்தது. அவர் பேசுவதே அப்படித்தான் என்று அப்போது நினைத்தேன்.

சீஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது தார்ப்பாயுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். எதற்கும் ஆமாம் என்னும் நிலையில் இருந்தேன். அடி பன்னை வைத்தேன். மேலே பொரித்த கறி, வெங்காயம், வெள்ளரி, சாஸ். எல்லாம் ஒரு பக்கமாக நகர்ந்து தட்டில் சரிந்தது.

"சரியாமப் பின்ன? அடிச் சேஸிஸு சின்னது, லோடு பெருசு! இதுல சாஸ வேற ஊத்தி ரோட்ட ஈரம் பண்ணிப்போட்டீங்க. கயிறு எங்கீங்க?"

"அண்ணா, பர்கருக்குக் கயிறு கட்டறதில்லீங்க."

"அதான் சாயுது!"

ஃப்ரிட்ஜ் மேலிருந்த பூக்கட்டும் நூலை எடுத்துவிட்டார். பர்கரைக் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று சுற்றி, பல்லால் ஒரு நுனியைக் கவ்வி, லாரியில் பஞ்சுப் பொதி கட்டுகிறவர் போல இழுத்தார். பர்கருக்கு இடுப்பு வந்தது. சாஸ் பீய்ச்சி அவருடைய வெள்ளைச் சட்டையில் அடித்தது.

"ஐயோ, சட்டைங்கண்ணா!"

"லோடுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கூவியவர், லாரிக்கு வழி சொல்லும் கிளீனர் போல, அறைக்குள் கேட்கும்படி, "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... நிறுத்து!" என்று தட்டை மேசை நடுவே நகர்த்தினார். இதற்குள் நான் அடுப்பில் மறந்த பன் கருகி, புகை கூடத்துக்கு வந்துவிட்டது. "எஞ்சின் சூடாயிருச்சு! தண்ணி ஊத்துங்க!" என்று அவர் கத்த, நான் ஓட, கரண்டி கீழே விழுந்து உருண்டது.

கரண்டி உருண்டு நின்ற பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள்.

தாரணி அறை வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. தலை வாரவில்லை. செக்போஸ்ட் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், தெருவுக்குள் வரும் எந்த வண்டியையும் பார்ப்பது போல. கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் விட்ட மனிதர் இல்லை அவர். தடுக்க வேண்டும் என்று வாய் திறந்தேன்.

அவர் தன் நாற்காலியை ஓரமாக இழுத்து வழிவிட்டார். லாரியின் பக்கப் பலகையில் தட்டுவது போல மேசையில் இரண்டு தட்டு தட்டினார்.

"ரைட்டு, போலாம் சாமி."

தாரணி வந்து எதிரே உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எதுக்குத் தாத்தா இதுக்குக் கயிறு?"

"சாஞ்சுச்சு சாமி. கட்டி வெச்சேன். அந்த நுனியப் புடிச்சு இழு, வந்துரும்."

இழுத்தாள். ஃப்ரிட்ஜ் வந்த அன்று ஒரு தெருவே அவிழ்க்க முடியாத அதே முடிச்சு, ஒரே இழுப்பில் கழன்றது. ஒரு வாய் கடித்தாள். மென்றுகொண்டே அவரைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் கேப்பீங்க. எங்கிட்ட ஒண்ணும் கேக்கலீங்களே?"

"கேக்கோணுமில்ல" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் ஒரு எட்டு முன்னால் வந்தேன். "உப்பு சரியா இருக்குதா?"

தாரணி இன்னொரு வாய் கடித்து யோசித்தாள்.

"கொஞ்சம் பத்தல தாத்தா" என்றாள். "இன்னொண்ணு கட்டுங்க."