வெள்ளிச் செம்புல துரையோட ஜின்னு

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க மில்லு துரை சாயங்காலம் வீட்டுக்கு வாராரு. அவருக்கு ஒரு கிளாஸ் ஜின்னு, அதான் அந்தச் சீமைச் சாராயம், கலக்கி வைக்கணும்.

நானோ மோருக்கு உப்புக்கூட அளவாப் போடத் தெரியாத ஆளு. துரை வீட்டுப் பட்லரைப் பிடிச்சேன்.

"ரொம்ப லேசு அண்ணே. புதினாவைக் கசக்கி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, சீனி போட்டு, ஜின்னை ஊத்திச் சில்லுன்னு குடுங்க. ஹெட் கிளார்க் வேலையே குடுத்துருவாரு!"

சொன்னதோட அரைப்பாட்டில் ஒண்ணையும் கையில திணிச்சாரு.

அதை வீட்டுக்குள்ள கொண்டு போறதுதான் பெரும்பாடு. என் மாமனாரு திருமங்கலத்துல கள்ளுக்கடை மறியல்னா முன்வரிசையில நிக்கிறவரு. கல்யாணப் பந்தல்லயே எல்லாரும் கேக்கச் சொல்லிட்டாரு: "மாப்ள, உங்க வீட்டுல ஒரு சொட்டு இருக்குன்னு தெரிஞ்சாலும் எம் பொண்ணை அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன்."

சொன்னதைச் செய்யிற மனுசன். எனக்கோ வள்ளி இல்லாம ஒரு பொழுது ஓடாது.

அதனால பாட்டிலைச் சோழவந்தான் வெத்தலைக் கட்டுக்குள்ள சொருகிக் கொண்டு வந்தேன். வள்ளி கண்ணுக்குத் தப்புமா?

"என்னங்க அது?"

"துரைக்கு வயிறு சரியில்லையாம். மருந்து. புதினாக் கஷாயத்துல ஊத்திக் குடுக்கணும்."

புதினாவை அவகிட்டக் குடுத்துட்டு ஐஸ் வாங்கப் போனேன். வீடு வந்து பிரிச்சா ஐஸ் அம்புட்டும் கரைஞ்சு, சுத்தியிருந்த மரத்தூளும் ஈரச் சாக்கும்தான் மிச்சம். சரி போகட்டும்னு அடுப்படிக்குப் போனா, கமகமன்னு வாசம். புதினா மிளகா வத்தல், உளுந்தம்பருப்போட சட்டியில வதங்குது!

"அடியே, பச்சையா வேணும்டி!"

"பச்சையாத் திங்க அவரு என்ன ஆடா?"

நல்லவேளை, ஒரு கைப்பிடி மிஞ்சியிருந்துச்சு. கசக்கினேன், பிழிஞ்சேன். ஜின்னு எம்புட்டு ஊத்தணும்னு பட்லர் சொல்லலை. குறைச்சு ஊத்துனா மரியாதை இல்லைன்னு அம்புட்டையும் கவுத்துட்டேன். பித்தளையில புளிப்பு ஆகாது. வீட்டுல இருந்த ஒரே வெள்ளிச் செம்புல ஊத்தி, பானையடி ஈர மணல்ல குளிர வச்சுட்டுக் குளிக்கப் போனேன்.

தலையில தண்ணி ஊத்துறேன், வாசல்ல கணீர்னு குரல்.

"மாப்ள இருக்காரா?"

மாமனாரு! வேகாத வெயில்ல திருமங்கலத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்காரு.

வந்தவுகளுக்கு முதல்ல ஒரு செம்பு தண்ணி குடுக்கணும்ல? அதுவும் மாமாவுக்கு, அவரு சீராக் குடுத்த வெள்ளிச் செம்புலதான் குடுக்கணும். வேற எதுல குடுத்தாலும் முகம் கோணிரும். அப்பா களைச்சு வந்திருக்காரு, கஷாயம்தானே, துரைக்கு வேற போட்டுக்கலாம்னு வள்ளி அப்படியே எடுத்து நீட்டிட்டா.

நான் ஈரத்துண்டோட ஓடி வாரேன். மாமா அண்ணாந்து நிக்கிறாரு. எச்சில் படாமத்தான் குடிப்பாரு. செம்பு ஒரு முழம் மேல நிக்குது, தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்குது. மூக்குக்கு வாசம் எட்டுறதுக்குள்ள செம்பு காலி!

"மாமா!"

"பேசாதீங்க மாப்ள." கண்ணை மூடிக்கிட்டாரு. "நெஞ்சுக்குள்ள விளக்கு ஏத்துன மாதிரி இருக்கு. என்னம்மா இது?"

"கஷாயம்ப்பா."

கொஞ்ச நேரத்துல மாமா தூணைப் பார்த்து, "கொஞ்சம் நகருங்க தம்பி"ன்னாரு.

"அப்பாவுக்கு வெயில் ஏறிருச்சு போலங்க!"

"ஆமா ஆமா, வெயிலேதான்!"

அந்த நேரம் பார்த்துத் துரை உள்ள நுழையிறாரு. எந்த வெள்ளைக்காரனுக்கும் கையெடுத்துக் கும்பிடாத மாமா, ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிச்சாரு.

"குடியை விட்ரு ராசா! இன்னைக்கே விட்ரு!"

தோள்ல சாஞ்சு ஒரே அழுகை. துரையோட மூக்கு ரெண்டு தரம் விடைச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே இங்கிலீசுல, "நல்ல ஜின்னாச்சே, எனக்கு எங்கே?"ன்னு கேட்டாரு.



"துரை என்ன சொல்றாரு?"ன்னாரு மாமா.

"நீங்க சொல்றது ரொம்பச் சரியாம் மாமா!"

கடைசியில துரைக்குத் தோசையும் புதினாத் துவையலும்தான் கிடைச்சுச்சு. நல்ல மனுசன், காட்டிக் குடுக்கலை. ஹெட் கிளார்க் பேச்சையும் எடுக்கலை. போனாப் போகுது, வள்ளி வீட்டுல இருக்காள்ல, அதுவே போதும்னு இருந்துச்சு.

மறுநாள் காலையில மாமா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்புனாரு. வாசப்படியில நின்னு திரும்பினாரு.

"மாப்ள, மறியல்ல நிக்கிற நம்ம பயலுக வெயில்ல ரொம்ப வாடிப்போறாய்ங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வாரேன். அந்தக் கஷாயத்துல ஒரு பானை போட்டு வையுங்க."