பத்து வருஷத்துக்கு ஒரு லேப்டாப்

சனிக்கிழமை காலை லேப்டாப் ஊமையாகிவிட்டது.

புரூஃப்காரர் ஒலியைக் கூட்டினார், குறைத்தார், முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மூச்சில்லை. அதில் செய்தி கேட்டுக்கொண்டே பள்ளிப் புத்தகங்களில் அச்சுப்பிழை தேடுவதுதான் அவர் பிழைப்பு. மனைவி போன பிறகு அந்த வீட்டில் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் அந்தச் செய்தி வாசிப்பவர்தான். இப்போது அவரும் வாயை அசைப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

போன சனிக்கிழமை, தட்டுகிற எழுத்து ஒன்று, விழுகிற எழுத்து வேறொன்று. அதற்கு முந்தின சனிக்கிழமை திரை தலைகீழானது. லேப்டாப்பைக் கவிழ்த்து நிறுத்தி, கையைச் சுற்றி வளைத்துத் தட்டிப் பன்னிரண்டு பக்கம் திருத்தினார். கழுத்து மூன்று நாள் திரும்பவில்லை.

இரண்டு தடவையும் சரிபண்ணியது மகள்தான். விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. போன தடவை வந்தபோது, "பழைய மெஷினுக்கு லினக்ஸ்தான்பா உயிர் குடுக்கும்" என்று விண்டோஸை எடுத்துவிட்டு அதைப் போட்டு, அங்கிருந்தே உள்ளே நுழைந்து பார்க்க ஒரு வழியும் வைத்துவிட்டுப் போனாள்.

ஆனால் கோளாறு வந்தால் போனில்தான் சொல்வாள்.

"நீயே உள்ள வந்து பண்ணிடேன் பாப்பா."

"இல்லப்பா, நீங்களே டைப் பண்ணாதான் நிக்கும். மொதல்ல எஸ். அடிச்சீங்களா? முழங்கால் வலி எப்படி இருக்கு? அடுத்து யு."

ஒன்றரை மணி நேரம் போகும். சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் பேச்சு மூன்று நிமிடம் தாண்டாது.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். நீ?"

"சாப்டேன். வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அந்த ஒன்றரை மணி நேரம் அவருக்கு இனித்தது. இனித்ததே உறுத்தியது. ஆபீஸும் வீடுமாக ஓடுகிற பெண். வாரத்தில் கிடைக்கிற லீவை அப்பன் வீட்டு டப்பா தின்பதா? இந்தத் தடவை கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்தார்.

பழைய போனில் இணையத்தைத் தேடினார். பின்மூடியைக் கழற்றி ஒயர்களை அழுத்திவிடச் சொல்லி யாரோ எழுதியிருந்தார்கள். எட்டு ஸ்க்ரூவைக் கழற்றினார். ஏழைத்தான் திருப்பி மாட்ட முடிந்தது. மிச்சம் ஒன்று எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நடுவில் பேட்டரி ஒயர் கையோடு வந்துவிட்டது. அதன் பிறகு பிளக்கில் இருந்தால்தான் லேப்டாப்புக்கு உயிர். நாற்பது பக்கம் திருத்தி முடிக்கிற நேரம் பார்த்து அவர் காலே ஒயரில் தட்டியது. அவ்வளவும் போச்சு.

ரிப்பேர் கடைக்காரம்மா திறந்து பார்த்தாள்.

"பேட்டரி ஒயரை நீங்கதான் பிச்சிருக்கீங்க. அது புரியுது. இதுக்குப் பார்ட்ஸ் வர்றது நின்னு போச்சு சார். ஆனா சவுண்டுக்கு ஒண்ணுமே ஆகலையே. யாரோ உள்ள போய் அணைச்சு வச்ச மாதிரில்ல இருக்கு."

"வீட்ல நான் ஒருத்தன்தாம்மா."

"அப்ப நீங்கதான்."

அவர் பெருமூச்சு விட்டார். "பத்து வருஷத்துக்கு என் பொண்ணைத் தொந்தரவு பண்ணாத மாதிரி ஒண்ணு குடுங்க."

கடைக்காரம்மா இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தாள், ஒன்று செங்கல் தடிமன்.

"இது மெல்லிசு. ஒரு தடவை சார்ஜ் போட்டா பதினெட்டு மணி நேரம் ஓடும்."

"கெட்டுப் போனா?"

"கும்பிட்டுத் தூக்கிப் போட வேண்டியதுதான். எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டிட்டான்."

"அந்தச் செங்கல்லு?"

"ஆறு மணி நேரம்தான். ஆனா பேட்டரி, கீபோர்டு எல்லாம் கழட்டி மாத்திக்கலாம். லினக்ஸ் அடம் பிடிக்காம ஓடும். அஞ்சே ஸ்க்ரூ."

"என்கிட்டயே ஒண்ணு இருக்கு" என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு செங்கல்லை வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா, நேத்து கூப்பிடவே இல்ல? லேப்டாப் நல்லா இருக்கா?"

குரலில் ஏதோ ஏமாற்றம் போலிருந்தது. அவருக்குப் பிடிபடவில்லை.

"புதுசே வாங்கிட்டேன் பாப்பா! பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல. இனிமே நீ எனக்காக மெனக்கெடவே வேணாம்."

அந்தப் பக்கம் குரல் இறங்கியது.

"சாப்டீங்களா?" என்றாள்.

"சாப்டேன். நீ?"

"ம்."

அவர் பையிலிருந்த ஸ்க்ரூவை எடுத்து மேஜையில் உருட்டினார். ஒன்றரை மணி நேரத்தைத் தன் கையாலேயே கழற்றிப் போட்டுவிட்டதாகத் தோன்றியது.

"அப்பா, அதுவும் லினக்ஸ்தானே? பழசுல வச்ச மாதிரி நான் உள்ள வர ஒரு வழி வச்சுடறேன். சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

"உனக்கு எதுக்கும்மா வீண் சிரமம்?"

"சிரமம் ஒண்ணுமில்ல. மொதல்ல எஸ் அடிங்க."

அடித்தார். இருபதே நிமிடத்தில் வழி திறந்துவிட்டது. "சரிப்பா, வச்சுடறேன்" என்றாள். ஆனால் வைக்கவில்லை. அணைக்க மறந்துவிட்டாள் போல. தூரத்தில் பாத்திரம் கழுவுகிற சத்தம், அதற்கு மேலாக மாப்பிள்ளையின் குரல் கேட்டது:

"பாவம் அந்த மனுஷன்! ஸ்க்ரீனைக் கவுத்த, கீபோர்டை மாத்துன, சவுண்டை அணைச்ச... வர்ற சனிக்கிழமை புதுசுல எதுல கை வைக்கப் போற?"